மஞ்சள் துணி கட்டிய பாட்டில்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன் விடுதி அறையில் இருக்கும் மற்ற மூன்று பேருக்கும் காட்டாதே. அம்மா போனில் பேசும்போது கடிதம் வந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. படித்து முடித்ததும் கிழித்துவிடு. கிழித்தால் மட்டும் போதாது, தண்ணீரில் ஊறவைத்துவிடு. சின்ன வயதில் நான் உன் நோட்டைக் கிழித்தபோது ஒவ்வொரு துண்டாக ஒட்டவைத்து அம்மாவிடம் காட்டி எனக்கு அடி வாங்கிக் கொடுத்தாயே, அது எனக்கு மறக்கவில்லை. யாரும் ஒட்டவைக்க முடியாதபடி செய்துவிடு.

எழுத்து கோணல்மாணலாக இருக்கும். வலது உள்ளங்கையில் கொப்புளம், மேலே துணி சுற்றியிருக்கிறது, பேனா நழுவுகிறது. டார்ச்சைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு எழுதுகிறேன். பிள்ளைகள் அறையில் இருக்கிறேன். தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். அம்மா பக்கத்து அறையில் தூங்குகிறாள், அல்லது தூங்குகிற மாதிரி படுத்திருக்கிறாள்.

நேற்று போனில் அம்மா உன்னிடம் எல்லாரும் நன்றாக இருக்கிறோம், வேனில் சின்ன ரிப்பேர், அதனால் காப்பகப் பிள்ளைகளுக்கு நாலு நாள் லீவு விட்டிருக்கிறோம் என்று சொன்னாள். நான் பக்கத்திலேயேதான் நின்றேன். நீ என்னைக் கேட்டதும், "அவ குளிக்கிறா" என்றாள். நான் குளிக்கவில்லை அக்கா. உனக்குப் பத்து நாளில் பரீட்சை, அது முடியும்வரை நான் உன்னிடம் எதுவும் பேசக்கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். பேசக்கூடாது என்றுதான் சொன்னாள், எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. இப்படியெல்லாம் யோசிக்கிற ஆளாகிவிட்டேன்.

வேனில் ஒரு ரிப்பேரும் இல்லை. திங்கட்கிழமை பொட்டலம் வேனுக்குள்ளேயே இருந்துவிட்டான்.

பொட்டலத்தை உனக்குத் தெரியாது. இந்தக் கோடைக்குத்தான் புதிதாக நம் வீட்டுக் காப்பகத்துக்கு வந்தான். மூன்றரை வயது. எங்கே உட்காரவைத்தாலும் முழங்காலை மடக்கி, தலையை உள்ளே இழுத்து, பொட்டலம் கட்டின மாதிரி சுருண்டு தூங்கிவிடுவான். பெயர் வைத்தது அப்பா. அவனுடைய அண்ணனை உனக்கு நன்றாகத் தெரியும். போன வருடம் நீ 'வக்கீல்' என்று கூப்பிடுவாயே, அவன்தான். இப்போது ஆறு வயது. இன்னும் அதே வாய். வெளியே விடும்போது தொப்பி போடச் சொன்னால், "தொப்பி போட்டா வெயிலுக்கு என்னைக் கண்ணு தெரியாதாக்கா?" என்று கேட்பான்.

அக்கா, நீ இருந்த வருடங்களைவிட இந்த வருடம் வெயில் ரொம்ப மோசம். அம்மா எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாள் என்று உனக்குத் தெரிய வேண்டும். பத்து மணிக்குமேல் ஒரு பிள்ளையும் முற்றத்தில் கால் வைக்கக்கூடாது. ஜன்னலுக்கு ஈரத் துணி. மத்தியானம் இரண்டு தடவை தரையைத் துடைப்பது. பிள்ளையை விட வருகிற பெற்றோர் எல்லாரிடமும், "எங்க வீட்டுல ஒரு புள்ளைக்குக்கூட வேர்க்க விட மாட்டோம்" என்று பெருமையாகச் சொல்வாள். அப்பாவும் சும்மா இருக்கவில்லை. வேனில் பின் சீட்டு ஜன்னல்களுக்கு நீலத்தில் கனமான திரை தைத்து மாட்டினார். பக்கத்து வீட்டுத் தையல் அக்காதான் தைத்துக் கொடுத்தார். திரை போட்ட பிறகு வேனுக்குள் பிள்ளைகள் முகத்தில் வெயில் படவே படாது. வெளியே இருந்து பார்த்தால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்றும் தெரியாது. அதை அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

நீ செய்த வேலை எல்லாம் இந்த வருடம் எனக்கு வந்துவிட்டது. வேன் வந்ததும் போய் நிற்பது, பாட்டில் வாங்கித் தொட்டியில் வைப்பது, அரை மணிக்கு ஒரு தடவை மணி அடித்து எல்லாரையும் தண்ணீர் குடிக்க வைப்பது. பாட்டில் ஏற்பாடு உன்னுடையதுதானே. ஒவ்வொரு பிள்ளையின் பாட்டில் கழுத்திலும் ஒவ்வொரு நிறத் துணி. "ஓடுற புள்ளைங்களை எண்ண முடியாதுடி வாலு, பாட்டிலை எண்ணு. பாட்டில் ஓடாது" என்று நீ சொன்னதை நான் இன்னும் வைத்திருக்கிறேன். பதினோரு பிள்ளைகள், பதினோரு பாட்டில்கள். வக்கீலுக்குப் பச்சைத் துணி, பொட்டலத்துக்கு மஞ்சள்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு வேன் வந்தது. வழக்கம்போலப் பிள்ளைகள் தபதபவென்று இறங்கினார்கள். நான் பாட்டில்களை வாங்கித் தண்ணீர்த் தொட்டியில் நிற்கவைத்தேன். எண்ணினேன். பதினொன்று. அப்பா வேனுக்கு அந்தப் பக்கம் நின்று தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். அந்த இரண்டு தட்டு உனக்குத் தெரியும். ஆச்சா என்று கேட்பதற்குப் பதிலாக அவர் தட்டுவது. பக்கவாட்டில் ஏறி உள்ளே பார்க்க அவருக்கு முட்டி வலி விடாது, அதனால் நாம் சொல்வதுதான் கணக்கு. நான், "பதினொன்னும் வந்தாச்சுப்பா, பூட்டிக்கோங்க!" என்று கத்தினேன். அவர் கதவை இழுத்துப் பூட்டிவிட்டு சைக்கிளில் கடைத்தெருவுக்குப் போனார்.

பதினோரு பாட்டில் வந்தது உண்மை. மஞ்சள் துணி பாட்டிலை வக்கீல் கொண்டுவந்திருந்தான். ஒரு கையில் பச்சை, ஒரு கையில் மஞ்சள். நான் வாங்கி வைத்தேன். அவன் கையில் எதற்கு இரண்டு என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்குமோ? இரண்டு நாளாக யோசிக்கிறேன், தெரியவில்லை.

பத்து மணிக்கு முதல் மணி அடித்தேன். எல்லாரும் குடித்தார்கள். பிறகு பாட்டில்களைத் தூக்கிப் பார்த்தேன், யார் குடிக்காமல் ஏமாற்றுகிறார்கள் என்று பார்ப்போமே, அப்படி. மஞ்சள் பாட்டிலிலும் பாதி குறைந்திருந்தது. சரி, பொட்டலமும் குடித்துவிட்டான், உள் அறையில் எங்கேயாவது சுருண்டிருப்பான் என்று விட்டுவிட்டேன். பத்தரைக்கு இரண்டாவது மணி. அப்போதுதான் மஞ்சள் பாட்டிலை வக்கீல் வாயில் வைத்துக் குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். "டேய், அது உன் தம்பியோடது. அவன் எங்கடா?" என்று கேட்டேன். "வேன்ல தூங்குறான். எழுப்பக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லியிருக்காங்க. அவன் தண்ணி வீணாப் போகக் கூடாதுன்னு நான் குடிக்கிறேன்" என்றான்.

மணியை அங்கேயே போட்டுவிட்டேன் அக்கா.

நான் ஓடினேன். சாவி அப்பாவிடம். மாற்றுச் சாவி சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில். அதை எடுத்துக்கொண்டு திரும்ப ஓடினேன். வேன் எப்போதும் மரத்தடியில்தானே நிற்கும், உனக்குத் தெரியும். ஆனால் சனிக்கிழமை கரண்ட் ஆட்கள் வந்து கம்பியில் படுகிறது என்று அந்தப் பக்கத்துக் கிளைகளை எல்லாம் வெட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அப்பா பழக்கத்தில் அதே இடத்தில் நிறுத்தியிருக்கிறார். நிழல் இல்லை. இழுக்கிற கதவின் கைப்பிடியைப் பிடித்ததும் உள்ளங்கை ஒட்டிக்கொண்டது. அப்போது வலிக்கவே இல்லை. கதவு திறந்ததும் உள்ளே இருந்து வந்த காற்று முகத்தில் அறைந்தது. கடைசி சீட்டில், யாரோ விட்டுப்போன பைகளோடு பையாக, சுருண்டு கிடந்தான். தூக்கினேன். உடம்பு அனலாகக் கொதித்தது. முகம் சிவந்து, தோல் காய்ந்து, ஒரு சொட்டு வேர்வை இல்லை. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

வேர்வை இல்லை என்றதும் உன் கடிதம் ஞாபகம் வந்தது. போன மாதம் உங்கள் நர்சிங் வகுப்பில் நடத்தியதை நாலு பக்கம் எழுதியிருந்தாயே, படிக்கவே சலிப்பாக இருக்கிறது என்று நான் சிரித்தேனே, அதேதான். வேர்வை நின்றுவிட்டால் ஆபத்து, கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத் துணி வைக்க வேண்டும், மயக்கத்தில் இருக்கிறவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. அம்மா ஓடிவந்து, கதறிக்கொண்டே சொம்பை அவன் வாய்க்குக் கொண்டுபோனாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். அம்மா கையையா நான் தட்டிவிட்டேன் என்று இப்போதும் நம்ப முடியவில்லை. நிழலில் படுக்கவைத்து, சட்டையைக் கழற்றி, ஜன்னலில் இருந்த ஈரத் துணிகளை எல்லாம் பிடுங்கி நீ எழுதிய இடங்களில் வைத்தேன். தையல் அக்கா அளவு நாடா கழுத்தில் தொங்கத் தொங்க ஓடிவந்து, ஒரு ஆட்டோவை நிறுத்தி, அம்மாவையும் அவனையும் ஏற்றிக்கொண்டு போனார். மீதிப் பத்துப் பிள்ளைகளோடு நான் வீட்டில் இருந்தேன். அவர்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். பத்து. மறுபடி எண்ணினேன். பத்து. வக்கீல் மட்டும், "நான் அவன் தண்ணியை முழுக்கக் குடிக்கலக்கா, கொஞ்சம் வெச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

பொட்டலம் உயிரோடு இருக்கிறான். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், நீ இவ்வளவு நேரம் என்ன பாடு பட்டிருப்பாய். மன்னித்துக்கொள். திங்கட்கிழமை இரவு ஒரு தடவை வலிப்பு வந்ததாம். செவ்வாய்க்கிழமை கண் திறந்தான். இன்று காலை சிறுநீர் கழித்தானாம். தையல் அக்கா வந்து சொன்னதும் அம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள், தையல் அக்காவும் அழுதார், நானும் அழுதேன். ஒரு பையன் ஒன்றுக்குப் போனதற்கு இத்தனை பேர் அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் அவன் இன்னும் சரியாகப் பேசவில்லை, ஆட்களைப் பார்த்தால் யாரோ மாதிரி பார்க்கிறான், இன்னும் இரண்டு நாள் போனால்தான் எதையும் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இது நல்லதா கெட்டதா அக்கா? உனக்குத் தெரியும். இங்கே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், எனக்கு ஒன்றும் புரியவில்லை.

இனிமேல்தான் நான் எழுத வந்த விஷயம்.

திங்கட்கிழமை சாயங்காலம் போலீஸ்காரர்கள் வந்து அப்பாவை அழைத்துக்கொண்டு போனார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அனுப்பினார்கள். வேன் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்பா அங்கே என்ன சொன்னார் என்று அம்மா தையல் அக்காவிடம் குசுகுசுவென்று சொன்னதை நான் கேட்டேன். "நான்தான் புள்ளைங்களை எண்ணினேன், நான்தான் தப்பா எண்ணிட்டுப் பூட்டினேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் கத்தியது இல்லை. பாட்டில் இல்லை.

அம்மா செவ்வாய்க்கிழமை காலை என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். "நல்லாக் கேட்டுக்கோ. அன்னிக்கு உனக்குத் தலைவலி. உள் ரூம்ல படுத்துத் தூங்கிட்டே. அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகுதான் எந்திரிச்சே. கை எப்படிச் சுட்டுச்சுன்னா அடுப்புல சுட்டுச்சு" என்றாள். நான் ஏதோ சொல்ல வந்தேன். "நீ தூங்கிட்டே" என்றாள். பாடம் ஒப்பிக்கவைப்பது மாதிரி என்னைத் திருப்பிச் சொல்லவைத்தாள். பிறகு வாசலில் மாட்டியிருக்கும் சிலேட்டை எடுத்து, நான் சாக்பீஸில் எழுதிய 11-ஐ ஈரத் துணியால் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்துச் சுத்தமாகிவிட்ட பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அப்பாவிடம் போய்க் கேட்டேன். "நான் பதினொன்னுன்னு கத்தினேன்லப்பா?" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "எனக்கு ஒண்ணும் கேக்கலம்மா. வண்டி சத்தத்துல ஒண்ணுமே கேக்கல" என்றார். அக்கா, வண்டி அணைந்திருந்தது. எனக்கு நன்றாகத் தெரியும். அணைந்திருந்ததா? இரண்டு பேரும் சேர்ந்து ஒரே மாதிரி இல்லை இல்லை என்று சொல்லும்போது, எனக்கே நான் கத்தினேனா என்று சந்தேகம் வருகிறது. இன்று மத்தியானம் ஒரு நிமிடம், நிஜமாகவே எனக்குத் தலைவலி இருந்த மாதிரி ஞாபகம் வந்தது. பயந்துபோய் எழுந்து கையைத் தண்ணீரில் வைத்தேன். கொப்புளம் எரிந்ததும் எல்லாம் அதன் அதன் இடத்துக்கு வந்துவிட்டது.

நான் தூங்கினேன் என்றால், பூட்டச் சொன்னதும் நான் இல்லை, கதவைத் திறந்ததும் நான் இல்லை. ஈரத் துணியை வைத்தவர்கள் நல்ல வேலை செய்தார்கள், இல்லாவிட்டால் பிழைத்திருக்க மாட்டான் என்று டாக்டர் சொன்னாராம். அம்மா தலையைக் குனிந்துகொண்டாளாம். அந்த நல்லதும் எனக்கு வேண்டாம்தான். ஆனால் நான் ஒன்றுமே செய்யாமல் தூங்கிய ஆளாக எப்படி இருப்பது?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இன்னொன்று நடந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது வேனின் நீலத் திரை அசைந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், அப்பா உள்ளே உட்கார்ந்திருந்தார். மாற்றுச் சாவியைப் போட்டுத் திறந்து, கதவை உள்ளிருந்து சாத்திக்கொண்டு, கடைசி சீட்டில். சட்டை முழுக்க நனைந்திருந்தது. அம்மாவும் தையல் அக்காவும் சேர்ந்து இழுத்து வெளியே கொண்டுவந்தார்கள். அப்பா சண்டை போடவில்லை. "இன்னும் பத்து நிமிஷம்கூட ஆகலியே" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் கீழே வருவதே இல்லை. மொட்டை மாடியில் படுக்கிறார்.

நாளை காலை பத்து மணிக்குக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வருகிறார். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்பாராம். என்னையும். நான் என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் அப்பா பொய்யாகக் கையெழுத்துப் போட்டார் என்று ஆகிவிடுமா? அதற்கும் சேர்த்துத் தண்டிப்பார்களா? ஒன்பதாவது படிக்கிற பெண்ணைப் பதினோரு பிள்ளைகளுக்குக் காவல் வைத்தீர்களா என்று அம்மாவைக் கேட்பார்களா? பொய் சொன்னால் அப்பா ஒருத்தர் மட்டும் போவார். உண்மை சொன்னால் மூன்று பேரும் போவோமோ என்னவோ. எனக்குக் கூட்டவும் தெரியவில்லை, கழிக்கவும் தெரியவில்லை.

ராத்திரி படுத்தால் ஒவ்வொருவராக மனதுக்குள் வருகிறார்கள். பொட்டலத்தின் அம்மா சளி மருந்து கொடுத்திருக்கிறார், அதில் தூக்கம் வரும். ராத்திரி முழுக்க அவன் இருமினான், வேனில் தூங்கினால் எழுப்பாதே என்று மூத்தவனிடம் சொன்னதும் அவர்தான். ஆஸ்பத்திரியில் அவர் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாராம். மரத்தை வெட்டினவர்கள் வருகிறார்கள். திரை தைத்த தையல் அக்காகூட வருகிறார். கோபித்துக்கொள்ளாதே, நீயும் வருகிறாய். பாட்டில் ஓடாது என்று சொன்னவள் நீ. எல்லாரும் நல்லதுக்குத்தான் செய்தார்கள். எல்லாரும் வந்துபோன பிறகு கடைசியில் நான் வந்து நிற்கிறேன், செருப்பில்லாமல்.

செருப்பை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். தினமும் நான் வேன் கதவுக்குப் பக்கத்திலேயே போய் நின்று, இறங்குகிற ஒவ்வொருவரிடமும் பாட்டில் வாங்குவேன். அங்கே நின்றால் கடைசி சீட்டுவரை தெரியும். அன்றைக்குச் செருப்பைக் காணோம். பிள்ளைகள் யாரோ காலில் தள்ளியிருப்பார்கள். தேடச் சோம்பல். வெறுங்காலோடு இறங்கினேன், சிமெண்ட் தரை சுட்டது. ரொம்பச் சுட்டது அக்கா. இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வாசல் நிழலில் ஏறிக்கொண்டேன். அங்கே இருந்தபடியே, "எல்லாரும் இங்க கொண்டு வாங்க" என்று கூப்பிட்டேன். என் கால் சுடுகிறது என்று. பத்து வினாடி என் கால் சுடும் என்று.

இதை வைத்துக்கொண்டுதான் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ இந்த வேலை செய்தபோது பாட்டிலை மட்டும்தான் எண்ணினாயா? இல்லை, வேனுக்குள் ஏறிக் கடைசி சீட்டுவரை போய்ப் பார்த்தாயா? நீ ஏறியதை நான் பார்த்த மாதிரி இருக்கிறது. உன் தலை ஒவ்வொரு ஜன்னலாக நகர்ந்து பின்னால் போகிற மாதிரி கண்ணில் தெரிகிறது. ஆனால் அது உண்மையா, இந்த இரண்டு நாளில் நானாக நினைத்துக்கொண்டதா என்று தெரியவில்லை. நீ ஏறினாய் என்றால் எனக்கு ஏன் சொல்லித்தரவில்லை? ஏறவில்லை என்றால் இத்தனை வருடமும் நமக்கு ஒன்றும் ஆகாதது வெறும் அதிர்ஷ்டமா? எந்தப் பதிலும் எனக்கு வேண்டாம். இல்லை, எழுது. உடனே எழுது. உன் கடிதம் வர ஐந்து நாள் ஆகும். அந்த மேடம் வருவது நாளைக்கு. நீ இதைப் படிக்கும்போது நான் ஏதோ ஒன்றைச் சொல்லி முடித்திருப்பேன். அப்படியானால் உன்னை எதற்குக் கேட்கிறேன் என்றும் தெரியவில்லை.

உன் பரீட்சையை நன்றாக எழுது. நேரத்துக்குச் சாப்பிடு. நீ வார்டில் வேலை பார்க்கும்போது சின்னப் பிள்ளைகள் யாராவது தூங்கினால், நல்லாத் தூங்குறான் என்று விட்டுவிடாமல் ஒரு தடவை தொட்டுப் பார். எனக்காக.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை,
வாலு

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துவிட்டேன், மறுபடி பிரித்திருக்கிறேன். ஒன்றை எழுதாமல் விட்டால் தூக்கம் வராது.

மற்ற பிள்ளைகளின் வீட்டிலிருந்து எல்லாரும் நேற்றே வந்து பை, தொப்பி, பாட்டில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். யாரும் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று சாயங்காலம் வக்கீலின் சித்தி அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் வாசலிலேயே நின்றுகொண்டார். அவன் மட்டும் உள்ளே வந்தான். தொப்பி போட்டிருந்தான். சாயங்காலத்தில், வெயிலே இல்லாத நேரத்தில், யாரும் சொல்லாமல் தொப்பி போட்டிருந்தான் அக்கா. ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு விதண்டாவாதம் இல்லை. அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை, யார் வந்தாலும், "நான்தான் எழுப்பல" என்று தானாகவே போய்ச் சொல்கிறான் என்று சித்தி தையல் அக்காவிடம் சொன்னார். அந்த மேடம் நாளைக்கு அவனிடமும் கேட்பாராம்.

தொட்டியில் பச்சைத் துணி பாட்டிலும் மஞ்சள் துணி பாட்டிலும் மட்டும் இருந்தன. நான் இரண்டையும் எடுத்து அவன் கையில் கொடுத்தேன். அவன் பச்சையை வைத்துக்கொண்டு மஞ்சளைத் திருப்பித் தொட்டியில் நிற்கவைத்தான். நேராக நிற்கிறதா என்று பார்த்தான். "இது இங்கயே இருக்கட்டும்கா. பாட்டில் இங்க இருந்தா அவன் வந்துட்டான்னு அர்த்தம்தானே?" என்றான். பிறகு வாசலுக்குப் போய்விட்டு, திரும்பி வந்து, என் காதுக்குப் பக்கத்தில், "நான் எழுப்பியிருக்கணுமாக்கா?" என்று கேட்டான்.

நான் பதில் சொல்லவில்லை. இல்லடா, உன்மேல தப்பு இல்லடா, நான்தான் பார்க்காமல் கத்தினேன் என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அம்மா சமையலறைக் கதவில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன், "சரி" என்று சொல்லிவிட்டுப் போனான். எதற்கும் சரி என்று சொல்லாத பிள்ளை.

இப்போது இந்த அறையில், தொட்டியிலிருந்து நான் எடுத்துவந்த அந்த மஞ்சள் துணி பாட்டிலும் நானும்தான் இருக்கிறோம். டார்ச் வெளிச்சம் அதன்மேல் படுகிறது. அடியில் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது, அவன் தம்பிக்கு வைத்தது. நான் தூங்கினேன் என்று நாளைக்குச் சொன்னால், எழுப்பாதவன் அவன் ஒருத்தன்தான் என்று ஆகிவிடும். ஆறு வயதில் அவன் எப்படி அக்கா அதை

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். இரண்டு தட்டு.

அப்பாதான். மாடியிலிருந்து வெளிச்சம் தெரிந்திருக்கும். டார்ச்சை அணைத்துவிட்டுத் தூங்குகிற மாதிரி இருந்துவிடலாமா? அம்மா சொன்னபடி நான் தூங்கிக்கொண்டுதானே இருக்கிறேன். அவர் போய்விடுவார்.

மறுபடி இரண்டு தட்டு. ஆச்சா என்று கேட்கிறார்.

இல்லப்பா. இன்னும் ஆகல. அக்கா, நான் எழுந்து போய்க் கதவைத் திறக்கிறேன்.